கோள் சொல்லிப் பிழைத்தவர்

யாராவது "என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டால் அவர் தயங்கவே மாட்டார். "கோள் சொல்றேன்" என்பார். கேட்டவரின் புருவம் ஏறி இறங்குவதை ஆசை தீரப் பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் மீதியைச் சொல்வார்: நகரத்துக் கோளரங்கத்தில் விளக்கவுரையாளர் வேலை, இருட்டில் மல்லாந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு எந்தக் கோள் எங்கே இருக்கிறது என்று ஒலிபெருக்கியில் சொல்வது, புறணி கிடையாது, பொய் கிடையாது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் கண்டுபிடித்த இந்த நகைச்சுவையை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் மாற்றவில்லை. வாழ்க்கையில் அவர் மாற்றாமல் வைத்திருந்தது அது ஒன்றைத்தான். அலுவலகத்திலும் தெருவிலும் அவருக்குக் கோள்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அந்த நகைச்சுவை ஒரே ஒருமுறைதான் பலிக்காமல் போனது. அதே சமயத்தில்தான் அவர் மனைவியின் ஜன்னலும் பறிபோகப் பார்த்தது.

ஜன்னலுக்கு முன் காலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கோள்காரருக்குக் காலில் சக்கரம். கோளரங்கத்தில் அவருக்கென்று மெத்தை வைத்த நாற்காலி ஒன்று உண்டு. அதன் மெத்தை இன்றைக்கும் புதுக்கருக்குக் குறையாமல் இருக்கிறது. விளக்கு அணைந்ததும் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு வட்டச் சுவரை ஒட்டி நடக்க ஆரம்பித்துவிடுவார். கம்பி இழுபட்டு ஒலிவாங்கி இரண்டு தடவை கையோடு வந்த பிறகு, நிர்வாகம் கம்பியில்லாத ஒன்றை வாங்கிக் கொடுத்தது. பார்க்க வந்தவர்களுக்கு அவர் நடப்பது தெரியாது. இருட்டில் குரல் மட்டும் ஒரு நேரம் இடது காதுப் பக்கம், ஒரு நேரம் முதுகுப் பக்கம் என்று சுற்றி வரும். "என்னமா சத்தத்தைச் சுத்த விடறாங்க பாரு, எல்லாம் வெளிநாட்டு டெக்னிக்" என்று ஒருவர் தன் மாமனாரிடம் வியந்ததை அரங்கத்தார் அப்படியே விட்டுவிட்டார்கள்.

அரங்கத்தின் நடுவில், வானத்தைக் கூரையில் கொட்டும் கறுப்பு இயந்திரத்துக்குப் பக்கத்தில், அதை இயக்குபவர் உட்கார்ந்திருப்பார். நாள் முழுக்க "ம்" என்ற ஒரே எழுத்தில் குடும்பம் நடத்தக்கூடிய மனிதர். அவருக்குக் கப்சிப் என்று பெயர். ஒருவர் வாய் ஓயாமல் சுற்றுவதும் மற்றவர் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பதும் நல்ல நட்புக்குப் போதுமான காரணங்கள் என்று இரண்டு பேருமே நினைத்தார்கள்.

சனி, வியாழனெல்லாம் கூரையில் ஏறியதும் கோள்காரர் தமக்குப் பிடித்த இடத்துக்கு வருவார்.

"கிரேக்கர்கள் இரவு இரவாக வானத்தைப் பார்த்தார்கள். இத்தனை விண்மீன்களும் ஒழுங்கான குடித்தனக்காரர்கள் மாதிரி அவரவர் இடத்தில் இருந்தன. ஏழே ஏழு மட்டும் இடம் மாறிக்கொண்டே இருந்தன. போன மாதம் அந்த மீன் பக்கத்தில். இந்த மாதம் இந்த மீன் பக்கத்தில். அதிலும் சிலது நடுவழியில் நின்று, யோசித்து, வந்த வழியே கொஞ்ச தூரம் திரும்பிப் போய், மறுபடியும் முன்னால் நடக்கும். அவற்றுக்குக் கிரேக்கர்கள் வைத்த பெயர் பிளானேட்டெஸ். ஊர்சுற்றி என்று அர்த்தம். நாம் வைத்த பெயர் கோள். கொள் என்பதிலிருந்து கோள், பற்றிக்கொள்வது. ஒரே வெளிச்சப் புள்ளிதான். அவர்களுக்கு அது எங்கேயும் நிற்காதது. நமக்கு அது பிடித்தால் விடாதது."

அந்தக் கிரேக்கச் சொல் அவருக்குத் தற்செயலாகக் கிடைத்தது. வேலைக்குச் சேர்ந்த வருடம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூட்டிவந்த ஓர் ஆசிரியை, "பிளானட்னு ஏன் சொல்றாங்க சார்?" என்று கேட்டுவிட்டார். தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, அலுவலக நூலகத்தில் தலையணை கனத்தில் இருந்த சொல்லகராதியை நின்றுகொண்டே புரட்டினார். பிளானாஸ்தாய்: அலைதல், வழி தவறுதல். அதன் உறவு, பிளானே: அலைச்சல், பிழை, மனமயக்கம். நேரம் காலம் இல்லாமல் வந்து போகும் காய்ச்சலுக்குக்கூட அந்நாட்டுப் பழைய வைத்தியர்கள் இதே பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். இன்றைய கிரேக்கத்தில் தெருத்தெருவாகக் கூவி விற்பவருக்கும் இந்த வம்சத்துச் சொல்தான். காத்திருப்பவர்கள் நிறைந்த கூடத்தில் திடீரென்று தன் பெயரைக் கூப்பிட்டதுபோல அவர் நிமிர்ந்தார். அதுவரை தன்னிடம் இருப்பது ஒரு கெட்ட பழக்கம் என்று நினைத்திருந்தவருக்கு, அது ஒரு வானியல் தகுதி என்று தெரிந்துவிட்டது.

சொல்லின் பிற்கால வரலாற்றை அவர் அலுவலக வம்பு சொல்வதுபோலச் சொல்வார். முதல் பட்டியலில் சூரியனும் சந்திரனும் ஊர்சுற்றிகள், பூமி கிடையாது. பூமிதான் நடுவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்ததே! சொல் லத்தீனுக்குப் போய் பிளானேட்டா ஆனது. அங்கிருந்து மற்ற மொழிகளுக்குக் குடிபோனது. பல நூற்றாண்டுகள் கழித்து, நடுவில் இருப்பது சூரியன் என்று ஆனதும் சூரியனின் பெயர் அடிக்கப்பட்டது; சந்திரனுக்குப் பதவி இறக்கம்; அசையாது என்று எல்லோரும் சத்தியம் செய்த பூமி பட்டியலில் சேர்ந்தது. "வீட்டுக்காரரே குடித்தனக்காரரான கதை" என்பார். பிறகு தொலைநோக்கியில் புதியவர்கள் அகப்பட்டார்கள். சில சின்னப் பாறைகள் கொஞ்ச காலம் அந்தப் பட்டத்தை வைத்திருந்து இழந்தன. கடைசியில் ஒன்றைக் கைதூக்கி வாக்கெடுத்தே வெளியே அனுப்பினார்கள். உள்ளே இருந்தவர்கள் வெளியே, வெளியே இருந்தவர்கள் உள்ளே. இத்தனை களேபரத்திலும் இடத்தைவிட்டு நகராமல் இருந்தது ஊர்சுற்றி என்ற அந்தச் சொல் மட்டும்தான். இதை அவர் அரங்கத்தில் சொன்னதில்லை. சொன்னால் தன் கட்சி பலவீனப்படும் என்று நினைத்திருக்கலாம்.

கட்சி என்றால், வீட்டில் நடந்த கட்சி. கல்யாணமானதிலிருந்து அவர் மனைவியை அவர் குடிவைத்த வீடுகள் பத்துக்கு மேல். ஒரு வீட்டில் மேற்கு வெயில். ஒன்றில் கீழ்வீட்டுத் தொலைக்காட்சி. ஒன்றில் மாடிப்படி தேவைக்கு அதிகமாக வளைந்திருந்தது. ஒன்றில் குறையே இல்லை. அதுவே அவருக்கு ஒரு மாதிரியாக இருந்தது. சாமான் ஏற்றும் வண்டிக்காரருக்கு அவர்களுடைய பீரோ எந்த அகல வாசலில் நுழையும், எதில் நுழையாது என்று மனப்பாடம். புது வீட்டைப் பார்க்காமலேயே, "அந்தத் தெருவா? பீரோவைப் படுக்க வச்சுத்தான் கொண்டுபோகணும்" என்பார். ஒருமுறை பாரத்தை இறக்கிவிட்டு மொட்டைமாடியில் மூச்சு வாங்கியபோது அவர்தான் கேட்டார்.

"சார், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுப்பா."

"எந்த வீட்டுக்குப் போனாலும் மாடியில ஏறினா உங்க ஆபீஸ் உருண்டை தெரியுதே சார். அப்பறம் எதுக்கு இந்தப் பாடு? அதைச் சுத்திச் சுத்தித்தானே வர்றீங்க?"

கோள்காரர் திரும்பிப் பார்த்தார். வெள்ளைக் கூரை, கவிழ்த்த கிண்ணம் மாதிரி, மரங்களுக்கு மேலே உட்கார்ந்திருந்தது. "கோணம் வேற, தம்பி" என்றார்.

மனைவி தையல்காரம்மா. தையல் என்றால் பழைய தமிழில் பெண் என்றும் அர்த்தம் உண்டு. இந்த அம்மாள் இரண்டு அர்த்தத்துக்கும் குறை வைக்காதவர். பழுதான ஜிப்பை மாற்றுவது, கால்சட்டை நீளம் குறைப்பது, திரைச்சீலை, பள்ளிச் சீருடை என்று ஊரில் பாதிப் பேரின் அளவு அவர் நினைவில் இருந்தது. ஆனால் தையல்காரிக்கு வாடிக்கை என்பது நாற்று மாதிரி. பிடுங்கிப் பிடுங்கி நட்டால் வேர் எங்கே விடும்? மூன்றாம் மாடிக்குக் குடிபோனபோது, மூச்சு வாங்கி மேலே வந்த வாடிக்கையாளர்கள் இரண்டாம் தடவை வரவில்லை. சந்துக்குள் போனபோது, "அந்த அம்மா எங்க போச்சுன்னே தெரியலை" என்று சொல்லி வேறு கடைக்குப் போனார்கள். ஒவ்வொரு முறையும் அவர் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

மகள் கல்லூரி விண்ணப்பத்தில் விலாசம் எழுதியபோது, "அம்மா, நம்ம விலாசத்தை மட்டும் பென்சில்ல எழுதலாமான்னு கேளு" என்றாள். சிரித்தது அப்பா மட்டும்தான்.

மூன்று வருடத்துக்கு முன் கிடைத்தது இந்த வீடு. தரைத்தளம். முன்னறையில் தெருவைப் பார்த்து அகலமான ஜன்னல். எதிரே பேருந்து நிறுத்தம். பேருந்துக்கு நிற்பவர்கள் அப்படியே இரண்டு எட்டு வைத்து வந்து, கம்பிக்கு இடையில் துணியை நீட்டி, "நாளைக்குத் தர்றீங்களாக்கா?" என்று கேட்டுவிட்டு வண்டி ஏறிப் போகலாம். படி ஏற வேண்டாம், செருப்புக் கழற்ற வேண்டாம். காலை வெளிச்சம் நேராக ஊசிமுனையில் விழும். இரண்டு மாதத்தில் அந்த ஜன்னலுக்கே ஒரு பெயர் வந்துவிட்டது. பேருந்து நடத்துநர் "தையல் ஜன்னல் எறங்குறவங்க எல்லாம் வாங்க" என்று கூவ ஆரம்பித்தார். அந்த வாரமே தையல்காரம்மா கொத்தனாரைக் கூப்பிட்டு, தையல் இயந்திரத்தின் நாலு காலையும் தரையில் போல்ட் போட்டு சிமெண்ட் பூசச் சொன்னார்.

"எதுக்கும்மா இது?" என்றார் கணவர்.

"ஆடுது."

"மெஷினா?"

"இல்ல, வீடு."

மூன்று வருடம் என்பது கோள்காரருக்கு யுகம். ஜன்னலுக்கு வெளியே கேட்கும் குரல்கள் எல்லாம் தெரிந்த குரல்களாகிவிட்டன. எந்தத் தரைக்கல் எங்கே ஆடும் என்று காலுக்குத் தெரிந்துவிட்டது. இருப்புக் கொள்ளவில்லை. குட்டி போட்ட பூனை மாதிரி முன்னறைக்கும் பின்கட்டுக்கும் நடந்தார். அலுவலகத்தில் காட்சி முடிந்தும் சுவரோரம் இன்னும் இரண்டு சுற்று வந்தார். அந்தச் சமயம் பார்த்து வீட்டுத் தரகர் கோளரங்க வாசலுக்கே வந்து நின்றார். தரகருக்கு மழை வருவது எறும்புக்குத் தெரிவதுபோல இவர் மனது தெரியும்.

"சார், கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஒரு மாடி வீடு. ரெண்டு பக்கமும் பால்கனி. உங்களுக்குன்னே கட்டினது."

"இப்ப வேணாம்ப்பா. வீட்டுல ஒத்துக்க மாட்டாங்க."

"சும்மா பாருங்க சார். பாக்குறதுக்குக் காசா பணமா?"

பார்த்தார். பால்கனியிலிருந்து பால்கனிக்குக் குறுக்கே நடந்தார். திரும்பி நடந்தார். நடக்க நடக்க வீடு பிடித்துப்போனது. அந்த வீட்டுச் சொந்தக்கார அம்மாள் வெளியூர் போயிருந்ததால் பேசி முடிக்க ஒரு வாரம் ஆகும் என்றார் தரகர். கோள்காரருக்கு அந்த ஒரு வாரத்தைத் தாங்க முடியவில்லை. திரும்பி வரும் வழியிலேயே, தெருமுனையில் எதிர்ப்பட்ட தம் வீட்டுக்காரரிடம், மாதக் கடைசியில் காலி செய்வதாகச் சொல்லிவிட்டார். வீட்டுக்காரருக்கு வாயெல்லாம் பல். அக்கா மகனுக்குப் புதிதாகக் கல்யாணமாகியிருந்தது. ஒரு வீடு தேவையாக இருந்தது.

மனைவியிடம் நேரம் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். பள்ளிக்கூடம் திறக்கும் சமயம். தையல்காரம்மா நீலச் சீருடைக் குன்றுக்குப் பின்னால் தலை மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தார். நேரம் வரவே இல்லை.

நேரத்தைக் கொண்டுவந்தவர் கப்சிப். கோள்காரர் புது வீட்டுக் கதை முழுவதையும் அரங்கத்தில் அவரிடம் கொட்டியிருந்தார். தைக்கக் கொடுத்த கால்சட்டையை வாங்க ஜன்னலுக்கு வந்தார். வாயில்லாப் பூச்சி. அன்றைக்கு என்ன தோன்றியதோ, அக்காவிடம் மரியாதைக்கு இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று தோன்றிவிட்டது.

"ஏங்கக்கா, புது வீட்டுலயும் இது மாதிரி ஜன்னல் இருக்கா?"

ஊசி நின்றது.

"எந்தப் புது வீட்டுல?"

கப்சிப் கால்சட்டையை மடித்தார். மறுபடியும் பிரித்தார். "ம்" என்றார். ஆனால் அந்த எழுத்து அன்றைக்கு உதவவில்லை. தையல்காரம்மா கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலேயே கேட்ட நாலு கேள்வியில் கால்வாய், பால்கனி, தரகர், மாதக் கடைசி எல்லாம் வந்து விழுந்தன. ஊரே கோள்காரர் என்று அழைத்தது ஒருவரை. கோள் சொன்னது, வாயைத் திறக்கவே தெரியாத இன்னொருவர்.

சாயங்காலம் கோள்காரர் வந்தபோது வீட்டில் சத்தமே இல்லை. இயந்திரம் ஓடாத சத்தமின்மை.

"வீட்டுக்காரர்கிட்ட காலி பண்றதா சொன்னீங்களா?"

"அது... உன்கிட்ட சொல்லலாம்னுதான்..."

"என்கிட்ட சொல்லிட்டு அவர்கிட்ட சொல்லுவாங்களா, அவர்கிட்ட சொல்லிட்டு என்கிட்டயா?"

"மாடிம்மா. காத்து பிச்சுக்கிட்டுப் போகும்."

"காத்து துணி தைக்குமா?"

"இல்ல, நீ வந்து ஒருதடவை பாத்தீன்னா..."

"நான் எத்தனை பாத்திருக்கேன்! உங்களை எந்தக் கிரகம் புடிச்சிருக்கோ தெரியலை. வேலை கோளு, புத்தி கோளாறு." அவர் குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "கேட்டுக்கோங்க. இந்த ஜன்னலை விட்டு நான் வரமாட்டேன். நீங்க போறதுன்னா போங்க. பொண்ணு அவ இஷ்டம்."

மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், "நான் அம்மா பக்கம். எனக்குப் பேனாவுல விலாசம் எழுதணும்" என்றாள்.

கோள்காரர் அப்போதும் பெரிதாகக் கலங்கவில்லை. ஒவ்வொரு முறையும் இப்படித்தான் ஆரம்பிக்கும், கடைசியில் வண்டி வந்து நின்றால் சாமான் ஏறிவிடும் என்று அவர் அனுபவம் சொன்னது. தரையில் போட்ட போல்ட்டை அவர் அனுபவம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

வெளியூர் போயிருந்த அம்மாள் திரும்பியதும் தரகரோடு பேசி முடிக்கப் போனார். அம்மாள் வயதானவர், வெள்ளையாகச் சிரித்தார், உட்காரச் சொன்னார். இவர் நின்றுகொண்டே இருந்தார்.

"தம்பி என்ன வேலை பாக்குறீங்க?"

பழக்கம். நாக்கு தானாகப் புரண்டது. "கோள் சொல்றேங்க."

அம்மாள் சிரிப்பை உள்ளே எடுத்துக்கொண்டார். "போன குடித்தனக்காரியும் அதைத்தான் செஞ்சா. அவ சொல்லாம செஞ்சா, நீங்க சொல்லிட்டுச் செய்யறீங்க. என் ரெண்டு பசங்களும் இன்னைக்கு வரைக்கும் பேசிக்கறதில்ல."

"ஐயோ, அந்தக் கோள் இல்லீங்க. இது கிரகம். சனி, செவ்வாய்..."

"அதையெல்லாம் வேற வீட்டுக்குள்ள கூட்டிட்டு வரப்போறீங்களா?"

"இல்லம்மா, சார் விளையாட்டுக்குச் சொல்றாரு" என்று தரகர் குறுக்கே விழுந்தார். "கிரேக்கத்துல அதுக்கு அர்த்தமே வேற. சார், அர்த்தம் என்ன, சொல்லுங்க."

கோள்காரர் உண்மையானவர். "ஊர்சுத்தி" என்றார்.

கதவு மெதுவாகத்தான் சாத்தப்பட்டது. படி இறங்கும்போது தரகர், "ஒரு வாத்தியார்னு சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா சார்?" என்றார்.

இனி அவருக்குப் போக வீடில்லை. இருக்கும் வீட்டையும் விட்டுக்கொடுத்தாகிவிட்டது. கால்வாய்ப் பாலத்தின் மேல் அங்குமிங்கும் நடந்தார். இதுவரை எத்தனையோ தடவை வீடு மாறியிருக்கிறார். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் நின்றது இதுவே முதல் தடவை. அது அவ்வளவு சுகமாக இல்லை. மனைவி நாற்று மாதிரி வாடிக்கையை நட்டு நட்டுப் பிடுங்கிக்கொண்டு வந்த வருடங்களெல்லாம் அந்தப் பாலத்தின் மேல்தான் அவர் பின்னால் நடந்து வந்தன. வேகமாக நடந்தார். அவையும் வேகமாக நடந்தன.

வீட்டுக்கு வந்தால் வாசலில் புதுச் செருப்புகள். முன்னறையில் வீட்டுக்காரரும் அவர் அக்கா மகனும். அக்கா மகன் அளவு நாடாவை நீட்டி ஜன்னலை அளந்துகொண்டிருந்தார். தையல்காரம்மா எழுந்திருக்கவில்லை, நாடா தலைக்கு மேல் போய்வர, சீருடைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தார்.

"இந்த ஜன்னலைப் பாதி அடைச்சுட்டா கட்டில் போட்டுடலாம் மாமா" என்றார் அந்த இளைஞர். பிறகு மரியாதையாகக் குனிந்து, "அக்கா, இந்த மெஷினை எப்ப எடுப்பீங்க?"

"எதை?"

"மெஷினை."

"அது வராது தம்பி. தரையோட பூட்டியிருக்கு."

வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "அதுக்கென்னம்மா, கொத்தனாரை விட்டு ஒடைச்சுடலாம். உங்க வீட்டுக்காரரே சொல்லிட்டாரே, காலி பண்றோம்னு."

"காலி பண்றோம்னா சொன்னாரு?" தையல்காரம்மா முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினார். "காலி பண்றேன்னு சொன்னாரா, காலி பண்றோம்னு சொன்னாரா?"

"என்னம்மா இது? ரெண்டும் ஒண்ணுதானே?"

"எப்படிங்க ஒண்ணாகும்? பண்றேன்னா அவர் ஒருத்தர். பண்றோம்னா நானும். நான் உங்ககிட்ட வந்து ஏதாவது சொன்னேனா? மாசம் பொறந்தா இந்த ஜன்னல் வழியா வாடகையை உங்க கையில வைக்கறது யாரு?"

வீட்டுக்காரர் யோசித்தார். மேலே பார்த்தார். தெருமுனையில் எதிர்ப்பட்ட அந்த நாளைத் திருப்பிப் போட்டுப் பார்க்கிறார் என்று தெரிந்தது. "றேன்னா, றோம்னா... சரியா நெனப்பு இல்லையே." வாசலில் ஒரு காலை உள்ளே வைத்து, ஒரு காலை வெளியே வைத்து நின்ற கோள்காரரைப் பார்த்தார். "நீங்களே சொல்லுங்க சார். எப்படிச் சொன்னீங்க?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். ஜன்னலுக்கு வெளியே துணி கொடுக்க வந்து நின்ற பெண்ணும் பார்த்தார். மகள் புத்தகத்தை மூடினாள். மனைவி மட்டும் பார்க்கவில்லை. காலரின் முனையை விரலால் நீவிக்கொண்டிருந்தார். விரல் அதே இடத்தில் போய்ப் போய் வந்தது.

இருபது ஆண்டுகளாகச் சொல்லைப் பிரித்துப் பிரித்துக் காட்டியவர். தாம் சொன்னது என்ன என்று அவருக்கு எழுத்து எழுத்தாக நினைவிருந்தது. "நாங்க மாசக் கடைசியில காலி பண்றோங்க" என்றுதான் சொல்லியிருந்தார். நாங்க என்று சொல்லும்போது பக்கத்தில் யாருமே இல்லை என்பதும் இப்போது நினைவுக்கு வந்தது.

"நான் காலி பண்றேன்னுதான் சொன்னேன்" என்றார் கோள்காரர். "நான் மட்டும்தான்."

கோளுக்குப் பொய் என்றும் ஓர் அர்த்தம் உண்டு. அந்தக் கணக்கில் பார்த்தால், தம் வாழ்நாளில் அவர் சொன்ன ஒரே கோள் அது.

அக்கா மகன் நாடாவைச் சுருட்டவா, நீட்டவா என்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தார். "அப்ப இவர் எங்க போவாரு?"

"இவரா?" தையல்காரம்மா நூலைப் பல்லால் கடித்தார். "என்கிட்ட வாடகைக்கு இருப்பாரு. ஒழுங்கா நடந்துக்கிட்டா."

வீட்டுக்காரர் சிரித்துவிட்டார், சிரித்த பிறகு ஒருவரை வெளியே போ என்று சொல்வது கஷ்டம். அவர் மனைவியின் திரைச்சீலைகள் வேறு பாதி தைத்தபடி அந்த அறையில்தான் கிடந்தன. அக்கா மகனுக்கு வேறு இடம் பார்த்துத் தருவதாகத் தரகர் பொறுப்பேற்றார். கால்வாய்க்கு அந்தப் பக்கம், ரெண்டு பக்கமும் பால்கனி. அந்தப் பையன் வங்கியில் வேலை பார்த்தார், என்ன வேலை என்று கேட்டபோது நேராகச் சொன்னார், வீடு கிடைத்தது.

வாடகைப் பேச்சு இப்போது தையல்காரம்மா பெயரில். கப்சிப் பல நாள் அந்தப் பக்கமே வரவில்லை. வந்தபோது "ம்" என்பதையும் சொல்லவில்லை. "உங்களாலதான் தம்பி எனக்கு இந்த வீடு" என்று தையல்காரம்மா சொன்னதை அவர் திட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

கோள்காரருக்குப் புத்தி வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். இன்றும் "வீடு வாடகைக்கு" பலகையைக் கண்டால் நின்று முழுக்கப் படிக்கிறார். தரகர் கூப்பிட்டால் போய்ப் பார்க்கிறார், பால்கனி இருந்தால் நடந்தும் பார்க்கிறார். பேச்சு முற்றும்போது, "வீட்டுல கேட்டுச் சொல்றேன்" என்று இறங்கிவிடுகிறார். யாராவது வேலையைக் கேட்டால் கோளரங்கம் என்கிறார். அதைச் சொல்லும்போது முகம் வாடிவிடுகிறது.

அரங்கத்தில், ஊர்சுற்றி என்று அர்த்தம் சொன்ன பிறகு, இப்போது ஒரு வரி சேர்ந்திருக்கிறது. "உண்மையில் அவை எங்கேயும் அலையவில்லை. போட்ட பாதையில்தான் போகின்றன. அலைவதுபோலத் தெரிவது, நாமும் சுற்றிக்கொண்டே பார்ப்பதால்." சொல்லும்போது சுவரோரம் நடந்துகொண்டுதான் இருப்பார்.

வீட்டுக்குள் அவருக்குக் கட்டில் ஒன்று மிஞ்சியது. வாரம் ஒருமுறை அதை இடம் மாற்றுகிறார். பின்கட்டில் காற்று இல்லை. நடு அறையில் விளக்கு கண்ணில் அடிக்கிறது. முன்னறையில் ஜன்னலோரம் பேருந்துச் சத்தம். எதிர்ச் சுவரோரம் போட்டால் தலை வடக்கே வருகிறது. தரையில் கட்டில் கால் இழுபட்ட கோடுகள் தையல் இயந்திரத்தைச் சுற்றி வளைவு வளைவாக விழுந்திருக்கின்றன. விடுமுறை நாள் காலையில் அவர் கட்டிலை இழுக்கும் சத்தம் கேட்டால் தையல்காரம்மா திரும்பிப் பார்ப்பதில்லை. கீழே பரப்பிய துணியைக் காலால் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, தைத்துக்கொண்டே சொல்கிறார்:

"இழுங்க, இழுங்க. துணி மேல மட்டும் ஏத்திடாதீங்க."